யாழ்ப்பாண மெடிக்கல் பிள்ளையளுக்கு: வெளி இடத்தில எலெக்டிவ் ஒழுங்கு செய்யிறது எப்பிடி

எலெக்டிவ், அதுதான் படிக்கிற காலத்தில நாங்களே ஒரு துறையைத் தெரிஞ்செடுத்து ஒரு ஆஸ்பத்திரியில சில கிழமை நிண்டு பழகிறது, அது கிட்ட வரேக்க ஒவ்வொரு பச்சும் கேக்கிற முதல் கேள்வி "அக்கா, எங்க போறது நல்லம்?" எண்டதுதான், நான் திருப்பிக் கேக்கிறது "நீர் என்ன பாக்கப் போறீர்?" எண்டு. இடத்தை முதல் முடிவெடுத்துப் போட்டுப் போனா பேர்போன ஆஸ்பத்திரியில வார்ட் ரவுண்டின்ர கடைசி வரிசையில நிண்டு, முன்னுக்கு நிக்கிற ஆக்களின்ர முதுகைப் பாத்துக்கொண்டு நாலு கிழமையை முடிச்சிட்டு வாறதுதான் மிச்சம். என்ன பாக்க வேணும் எண்டதை முதல் எழுதி வையுங்கோ, ஒரு வசனம் காணும். அந்த ஒரு வசனம்தான் பேந்து ஈமெயிலிலயும் வரும், டீன் ஒபிசுக்குக் குடுக்கிற லெட்டரிலயும் வரும், விசா இன்டர்வியூவிலயும் வரும்.

எங்கட போதனா வைத்தியசாலையில பாக்கக் கூடியது கனக்க இருக்கு, பாம்புக்கடி எண்டு எடுத்தாலே சுருட்டை விரியன் கேஸை எங்களைப் போல பாத்த பிள்ளையள் தெற்கில குறைவு. அதால இஞ்ச கிடைக்காததைத் தேடித்தான் வெளியில போக வேணும். காரணம் தெரியாத சிறுநீரக வருத்தத்தை, அதுதான் சிகேடியு எண்டுறது, கிளினிக்கில வரிசையா பாக்க வேணுமெண்டா அநுராதபுரம் பக்கம் போங்கோ, 1990கள்ல வெளிச்சத்துக்கு வந்ததே வட மத்திய மாகாணத்தில தானே, ரஜரட்ட மருத்துவ பீடமும் அங்கதான் இருக்கு. டெங்கு மனேஜ்மென்டை மணித்தியாலக் கணக்கில சார்ட் போட்டுப் பழக வேணுமெண்டா நீர்கொழும்பு ஆஸ்பத்திரியில அதுக்கெண்டே ஒரு சென்ரர் இருக்கு, இல்லாட்டி அங்கொடையில ஐடிஎச் எண்ட தொற்றுநோய் ஆஸ்பத்திரி. மனநலத்தில விருப்பம் எண்டா அதே அங்கொடையில தேசிய மனநல நிறுவனம். புற்றுநோய்க்கு மகரகம, பிள்ளையளின்ர சப் ஸ்பெசாலிட்டிக்கு பொரளை லேடி ரிட்ஜ்வே, நஞ்சு குடிச்ச கேஸ், ரொக்சிகோலொஜி எண்டா பேராதனை. உதுகளைச் சொல்லேக்க "லண்டன் போகேலாதோ?" எண்டு முகம் சுழிக்கிற ஆக்கள் இருக்கினம். போகலாம், கீழ அதையும் சொல்லுறன். ஆனா லண்டனில நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிற வேலையை இஞ்ச பக்கத்து மாகாணத்தில கையால செய்யலாம் எண்டதை மறக்காதேங்கோ. வெளிநாடு எண்ட ஒரே காரணத்துக்காகப் போறது காசுக்கும் நேரத்துக்கும் கேடு எண்டுதான் நான் இண்டைக்கும் நினைக்கிறன்.

அடுத்தது காலம். உங்கட பச்சின்ர டைம்டேபிளில எலெக்டிவ்க்கு எத்தினை கிழமை, எந்த மாசம் எண்டு டீன் ஒபிசில நேர போய்க் கேளுங்கோ, சீனியர் சொன்னதை வைச்சு ரிக்கற் போடாதேங்கோ, ஏனெண்டா பச்சுக்குப் பச் மாறும், பரீட்சைத் திகதி தள்ளிப் போறது எங்கட ஊரில புதினமும் இல்லை. அதால ஹோஸ்ட்டுக்கு, அதுதான் உங்களை எடுக்கிற இடத்துக்கு, எழுதேக்க ரெண்டு திகதி குடுங்கோ, முதல் விருப்பம் ஒண்டு, அது சரிவராட்டி மற்றது. ஃப்ளைட் ரிக்கற் திகதி மாத்தக் கூடியதா எடுங்கோ, கொஞ்சம் காசு கூடத்தான், பரவாயில்லை.

இதோட சேத்து ஒரு விசயம். "ஃபைனல் முடிய இன்டேர்ன்சிப் வரைக்கும் கன மாசம் சும்மா தானே இருக்கப் போறம், அப்ப போவம்" எண்டு நினைக்கிற ஆக்கள் கன பேர். ஃபைனல் எம்பிபிஎஸ் ரிசல்ட் வந்த அண்டோட நீங்கள் ஸ்டூடன்ட் இல்லை. எலெக்டிவ் எண்டது படிச்சுக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு உள்ளது. பாஸ் பண்ணின பிறகு யூகேயில அதுக்குப் பேர் கிளினிக்கல் அட்டாச்மென்ட், விதியும் வேற, அமெரிக்காவில பெரும்பாலும் ஒப்சேவர்சிப் தான் கிடைக்கும், அதில நோயாளியைத் தொடவும் விடாயினம். யூஎஸ்எம்எல்ஈ, அதுதான் அமெரிக்காவில டொக்டரா வேலை செய்யிறதுக்கு உள்ள பரீட்சை, செய்யிற யோசனை இருக்கிற ஆக்களுக்கு இது சரியான முக்கியம், ஏனெண்டா ஸ்டூடன்ட்டா நிண்டு கையால வேலை செய்து எடுக்கிற சிபாரிசு லெட்டருக்கு இருக்கிற பெறுமதி ஒப்சேவர்சிப் லெட்டருக்கு இல்லை. அதால வெளிநாடு எண்டா ஃபைனலுக்கு முதலே போங்கோ.

இனி இலங்கைக்குள்ள ஒழுங்கு செய்யிற முறை. முதல் அந்த யூனிட் கன்சல்டன்ட்டிட்ட கேக்க வேணும், பிறகுதான் கடிதம். கன பேர் இதைத் தலைகீழாச் செய்யினம், டீன் லெட்டரை முதல் அனுப்பிப் போட்டுக் காத்துக்கொண்டிருப்பினம், அது அங்க ஒரு மேசையில கிடக்கும். எங்கட கன்சல்டன்ட்மார், லெக்சரர்மார் எல்லாரும் எங்கயோ ஒரு இடத்தில ட்ரெயினிங் செய்துதான் வந்தவை, அவையிட்டப் போய் "சேர், பேராதனையில ரொக்சிகோலொஜி பக்கம் ஆரையும் தெரியுமோ?" எண்டு கேளுங்கோ, ஒரு போன் கோலில அலுவல் முடியும். வாயால ஓம் எண்டு கிடைச்ச உடன டீன் மூலமா கடிதம் போக வேணும். ப்ரொஃபெசோரியல் யூனிட், அதுதான் மருத்துவ பீடம் நடத்திற யூனிட், எண்டா அந்த பீடத்தின்ர டீனுக்கு, அங்கொட, மகரகம போல சுகாதார அமைச்சின்ர ஆஸ்பத்திரி எண்டா அதின்ர பணிப்பாளருக்கு. கடிதத்தில உங்கட பேர், பதிவிலக்கம், வருசம், திகதி, யூனிட்டின்ர பேர் எல்லாம் இருக்கோ எண்டு கையெழுத்துக்குப் போக முதல் வாசிச்சுப் பாருங்கோ. ஒரு கொப்பி உங்கட கையில இருக்க வேணும், போனிலயும் படமா வைச்சிருங்கோ, முதல் நாள் வார்டில சிஸ்டர் கேக்கிறது அதைத்தான்.

தெற்கில நிக்கப் போறீங்கள் எண்டா மொழியை லேசா நினைக்காதேங்கோ. ரவுண்ட், கேஸ் ப்ரெசன்டேசன் எல்லாம் இங்கிலீசில தான், அது பிரச்சினையில்லை, ஆனா ஹிஸ்டரி எடுக்கிறது நோயாளியிட்ட. ஒரு வயது போன அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கட்டிலில இருக்கேக்க "கொஹெத ரிதென்னே?" எண்டு எங்க நோகுது எண்டதைக் கேக்கத் தெரிய வேணும், "உண தியெனவத?" எண்டு காய்ச்சலைக் கேக்கத் தெரிய வேணும், ஸ்டெத் வைச்சுப் பாக்கேக்க "ஹுஸ்ம கன்ன" எண்டு மூச்சை இழுக்கச் சொல்லத் தெரிய வேணும். எங்கட பச்சில சிங்களப் பிள்ளையள் எத்தினை பேர் இருக்கினம், அவையள் எங்கட வார்டில தமிழில ஹிஸ்டரி எடுக்க எவ்வளவு பாடுபட்டுப் படிச்சவை எண்டு கூட நிண்ட உங்களுக்குத் தெரியும் தானே. அவையிட்டயே உக்காந்து ஒரு ஃபுல் ஹிஸ்டரியை சிங்களத்தில தமிழ் எழுத்தால எழுதி எடுங்கோ. கேள்வி கேக்கிறது பாதி, பதில் விளங்கிறது மற்றப் பாதி, அதால அவையளை நோயாளி மாதிரி நடிக்கச் சொல்லிப் பழகுங்கோ. இப்போதைக்கு இதுக்கு நேரமில்லை எண்டா மட்டக்களப்பை யோசியுங்கோ, கிழக்குப் பல்கலைக்கழக பீடம், போதனா வைத்தியசாலை, தமிழிலயே கேஸ் எடுக்கலாம்.

வெளிநாடு எண்டா எட்டு, ஒன்பது மாசத்துக்கு முதலே தொடங்க வேணும், ஒரு வருசம் எண்டா இன்னும் நல்லம். முதலாவது வேலை மினைக்கெட்ட வேலை: யூனிவர்சிட்டியளின்ர எலெக்டிவ் பேஜை ஒவ்வொண்டா வாசிச்சு, வெளிநாட்டு ஸ்டூடன்ட் எடுக்கினமோ, எந்த வருசத்து ஆக்களை, எவ்வளவு காசு, எப்ப க்ளோசிங் டேட் எண்டு ஒரு ஷீட் போடுங்கோ. எங்கட பீடத்தின்ர பேரை வேர்ல்ட் டிரெக்டரி ஒஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸில எப்பிடிப் போட்டிருக்கினமோ அதே மாதிரி, எழுத்து மாறாமல் எல்லா ஃபோமிலயும் போடுங்கோ. அமெரிக்காவில ஏஏஎம்சி, அதுதான் அங்கத்தை மெடிக்கல் ஸ்கூலுகளின்ர சங்கம், நடத்திற விஎஸ்எல்ஓ எண்ட ஒன்லைன் விண்ணப்ப சிஸ்டத்துக்குள்ளால தான் கன இடம் எடுக்கினம், அதுக்கு உங்கட சொந்த பீடமும் அதில சேர்ந்திருக்க வேணும், சேர்ந்திருக்கோ எண்டு டீன் ஒபிசில கேளுங்கோ, இல்லாட்டியும் நேர அப்ளிகேசன் எடுக்கிற இடங்கள் இருக்கு. கனடாவில அங்கத்தை மருத்துவ பீடங்களின்ர சங்கம் நடத்திற ஏஎஃப்எம்சி போர்ட்டல். இது எல்லாம் தலையிடி எண்டா சர்வதேச மருத்துவ மாணவர் சம்மேளனத்தின்ர ஐஎஃப்எம்எஸ்ஏ எக்ஸ்சேஞ்ச் இருக்கு, இலங்கையில எஸ்எல்எம்எஸ்ஏ எண்ட மருத்துவ மாணவர் சங்கம் மூலமா விண்ணப்பிக்கிறது, பெரும்பாலும் நாலு கிழமை, தங்கிற இடமும் அவையே தருவினம், ஆனா எந்த யூனிட் எண்டதில உங்கட விருப்பம் முழுக்க நடக்கும் எண்டு இல்லை.

இன்னொரு வழி ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. இங்கிலாந்து, அவுஸ்திரேலியாவில பிறந்து வளந்த தமிழ்ப் பிள்ளையள் எலெக்டிவ்க்கெண்டு எங்கட வார்டுக்கு வருவினம். அவையளோட கதையுங்கோ, வார்டைச் சுத்திக் காட்டுங்கோ, நோயாளி சொல்லுற யாழ்ப்பாணத் தமிழ் விளங்காட்டி எடுத்துச் சொல்லுங்கோ. "உங்கட யூனிவர்சிட்டியில எலெக்டிவ்க்கு ஆர் பொறுப்பு, எந்தக் கன்சல்டன்ட் ஸ்டூடன்டுக்கு ஆசையாப் படிப்பிப்பார்?" எண்டு அவையிட்டக் கேளுங்கோ. வெப்சைட்டில கிடைக்காத தகவல் அது.

ஈமெயில். இதில தான் கூடுதலா மெனக்கெட வேணும். பெரிய பேராசிரியருக்கு எழுதினா பெரும்பாலும் பதில் வராது, அந்த யூனிட்டில படிப்பித்தலுக்குப் பொறுப்பான ஆள், இல்லாட்டி எலெக்டிவ் கோர்டினேட்டர், அவைக்கு எழுதுங்கோ. பீடம் தந்த மெயில் ஐடியில இருந்து அனுப்புங்கோ. "ரெஸ்பெக்டட் சேர், ஐ ஆம் எ ஹம்பிள் ஸ்டூடன்ட்" எண்டு தொடங்கி அரைப் பக்கம் புகழ வேண்டாம், வாசிக்கிற ஆளுக்கு ரெண்டு நிமிசம் கூட இல்லை. சப்ஜெக்ட் லைனிலயே எந்த நாடு, எந்த வருசம், எந்தத் துறை, எந்த மாசம் எண்டு வர வேணும். உள்ளுக்க இங்கிலீசில எழுத வேண்டியதின்ர சாரம் இப்பிடி இருக்கட்டும்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில நாலாம் வருச மாணவி, 2027 மார்ச் 1 தொடக்கம் 26 வரை நாலு கிழமை உங்கட நெஃப்ரோலொஜி (சிறுநீரக) யூனிட்டில எலெக்டிவ் செய்ய விருப்பம், எங்கட மாவட்டத்தில டயலிசிஸ் நோயாளியளைப் பாத்திருக்கிறன், ட்ரான்ஸ்பிளான்ட்டுக்குப் பிறகு ஆக்களை எப்பிடி ஃபொலோ அப் பண்ணுறீங்கள் எண்டதைப் பாக்கிறதுதான் நோக்கம், பீடத்தின்ர அனுமதிக் கடிதம் தர ஏலும், இந்தத் திகதி சரிவராட்டி மே மாசமும் ஏலும், சிவி இணைச்சிருக்கு. அவ்வளவுதான். சிவி ரெண்டு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. பதில் வராட்டி ரெண்டு கிழமை பொறுத்து அதே மெயிலுக்குக் கீழ ஒருக்கா நினைவுபடுத்துங்கோ, அதுக்கும் வராட்டி விட்டிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கோ. ஒரே யூனிட்டில நாலு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதேங்கோ, அவை ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள்.

ஓம் எண்டு பதில் வந்த பிறகு ஒரு பைல் வரும், அதில தான் தடுப்பூசி ஃபோம் இருக்கும், கன பேரின்ர எலெக்டிவ் தடைப்பட்டு நிக்கிறதும் இந்த இடத்தில தான். அதால ஓம் எண்டு வர முதலே இதைத் தொடங்குங்கோ. ஹெபடைட்டிஸ் பி மூண்டு டோஸ், 0, 1, 6 மாசம் எண்ட கணக்கு, கடைசி டோஸுக்கு ஒண்டு ரெண்டு மாசத்துக்குப் பிறகு ரத்தத்தில எதிர்ப்புச் சக்தி எவ்வளவு எண்டு காட்டுற அன்டிபொடி டைட்டர் பாக்க வேணும், 10 mIU/mLக்குக் குறையக் கூடாது. முதல் ரெண்டையும் போட்டிட்டு மூண்டாவதை மறந்த பிள்ளையள் எல்லாப் பச்சிலயும் இருக்கினம், நீங்களும் உங்கட கார்டை இண்டைக்கே எடுத்துப் பாருங்கோ. கொப்பளிப்பானுக்கு உள்ள ஊசி எங்கட தேசிய அட்டவணையில இல்லை, அதால "சின்னனில அம்மாள் வந்தது" எண்டு அம்மா சொல்லுறது ஃபோமுக்குக் காணாது, வரிசெல்லா ஐஜிஜி, அதுதான் கொப்பளிப்பானுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கோ எண்டு பாக்கிற ரத்தப் பரிசோதனை, செய்து ரிப்போட் குடுக்க வேணும், இல்லாட்டி ஒரு மாச இடைவெளியில ரெண்டு டோஸ். சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா மூண்டுக்கும் அத்தாட்சி கேப்பினம்.

அத்தாட்சி எண்டா அந்தக் கிளினிக் கார்ட், மடிச்சு மடிச்சு ஓரம் கிழிஞ்சு, அம்மாவின்ர அலுமாரியில காணி உறுதியோட சேத்து பொலித்தீன் பையில கிடக்குமே அதுதான். எடுத்து ரெண்டு பக்கமும் ஸ்கான் பண்ணி வையுங்கோ. வன்னியில இருந்து வந்த பிள்ளையள் கன பேரிட்ட அது இல்லை, 2009இல உயிரைக் கொண்டு வந்ததே பெரிய காரியம், இதில கார்டை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது. அதுக்காகக் கலங்க வேண்டாம். ரத்தத்தில ஐஜிஜி பாத்து ரிப்போட் குடுத்தா பெரும்பாலும் ஏற்பினம், இல்லை எண்டு வந்தா எம்எம்ஆர், அதுதான் அந்த மூண்டு வருத்தத்துக்கும் உள்ள ஊசி, 28 நாள் இடைவெளியில ரெண்டு டோஸ் புதுசாப் போட்டு அந்தக் கார்டைக் குடுக்கலாம். ஒரு ஃபோமுக்கும் உங்கட சின்ன வயதுக் கதை தேவையில்லை, இண்டைக்கு இம்யூனிட்டி இருக்கோ இல்லையோ எண்டதுதான் கேள்வி.

காசநோய்க்கு மன்டூ எண்ட தோல் பரிசோதனை கேட்டா, கொஞ்சம் பொறுங்கோ. நாங்கள் எல்லாரும் பிறந்த உடன பிசிஜி எண்ட காசநோய்த் தடுப்பூசி போட்ட ஆக்கள், அதால மன்டூ பொசிட்டிவ் எண்டு வர இடமிருக்கு, பிறகு எக்ஸ்ரே, கடிதம் எண்டு இழுபடும். ஐஜிஆர்ஏ எண்ட ரத்தப் பரிசோதனையில பிசிஜி குழப்பாது, அதைச் செய்து குடுக்கலாமோ எண்டு ஹோஸ்ட்டிட்டக் கேளுங்கோ. எல்லா லாப்பிலயும் செய்யாயினம், போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்கோ. ஒழுங்கு முறை முக்கியம்: எம்எம்ஆர், வரிசெல்லா ரெண்டும் உயிருள்ள தடுப்பூசி, அதைப் போட்டா அதே நாளில டிபி ரெஸ்ட் செய்ய வேணும், இல்லாட்டி நாலு தொடக்கம் ஆறு கிழமை பொறுக்க வேணும். அதால முதல் எல்லா ரத்தமும் ஒரே நாளில குடுங்கோ, ஐஜிஆர்ஏயும் சேத்து, பிறகு ஊசி. ரெண்டு உயிருள்ள ஊசியையும் ஒரே நாளில போடலாம், தவறினா நாலு கிழமை இடைவெளி. இந்த ஒழுங்கைக் குழப்பினா ரெண்டு மாசம் சும்மா போகும்.

விசாவுக்கு வருவம். பாஸ்போட் இல்லாட்டி முதல் அதை எடுங்கோ, முந்தி கொழும்புக்கோ வவுனியாவுக்கோ அலைய வேணும், 2025 செப்டெம்பரில இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலயே (மாவட்டச் செயலகத்தில) ஒபிஸ் இருக்கு. யூகேக்கு எலெக்டிவ் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவுக்குள்ளயே வரும், சம்பளம் எடுக்கக் கூடாது, நோயாளிக்கு ட்ரீட்மென்ட் செய்யக் கூடாது, ஹோஸ்ட்டின்ர கடிதமும் பீடத்தின்ர கடிதமும் கையில இருக்க வேணும். அமெரிக்காவுக்கு, அங்கத்தை மெடிக்கல் ஸ்கூல் ஒண்டின்ர ஆஸ்பத்திரியில சம்பளமில்லாமல் செய்யிற எலெக்டிவ் எண்டா பி-1, இன்டர்வியூவில சும்மா "ட்ரிப்" எண்டு சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கோ. இந்தியாவை எங்கட ஆக்கள் வீடு போல நினைக்கினம், பலாலியில ஏறினா சென்னை, அங்கயிருந்து ட்ரெயினில காட்பாடி, வேலூர் சிஎம்சி வந்திடும், பயணம் சுகம் தான். ஆனா டூரிஸ்ட் விசாவில போய் வார்டில நிக்கலாம் எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ, ஆஸ்பத்திரி தாற கடிதத்தோட யாழ்ப்பாணத்தில இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில எந்த விசா எண்டு கேட்டுட்டுச் செய்யுங்கோ.

காசு எண்டா, வீட்டில முதலே எல்லாத்தையும் ஒரு தாளில போட்டுக் காட்டுங்கோ: ஹோஸ்ட் ஃபீஸ், விசா, ரிக்கற், ரத்தப் பரிசோதனை, இன்சூரன்ஸ், சாப்பாடு. ரத்தமும் ஊசியும் மட்டுமே நல்ல காசு வரும், அதை ஒருத்தரும் கணக்கில எடுக்கிறேல்ல. "மாமா வீட்டில நிக்கலாம்" எண்டு எல்லாரும் சொல்லுவினம், மாமா ஈஸ்ட் ஹாமில இருப்பார், ஆஸ்பத்திரி மன்செஸ்டரில இருக்கும். மப்பைத் திறந்து பாத்துட்டு மாமாவிட்டக் கேளுங்கோ. அவர் ஸ்பொன்சர் கடிதம் தாறார் எண்டா அவரின்ர பாங்க் ஸ்டேட்மென்ட், நீங்கள் அவருக்கு என்ன முறை எண்டதுக்கு அத்தாட்சி எல்லாம் வேணும், கடைசி நேரத்தில கேட்டு அந்தாளையும் சங்கடப்படுத்தாதேங்கோ. இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ், அதுதான் வேலையில பிழை நடந்து வழக்கு வந்தா பாதுகாக்கிற காப்புறுதி, கேக்கிற இடமும் இருக்கு, ஆர் கட்டுறது, எவ்வளவுக்கு எண்டு ஹோஸ்ட்டிட்ட எழுத்தில கேளுங்கோ.

போன பிறகு முதல் நாளே சொல்ல வேண்டியது, "நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?" எண்ட கேள்வி. ஊசி குத்தினா எங்க போறது எண்டதையும் அண்டைக்கே கேளுங்கோ. குத்தினா வெக்கப்பட்டு மறைக்காதேங்கோ, சோப் போட்டுக் கழுவிட்டு உடன சொல்லுங்கோ, எச்ஐவி தொத்தாமல் தடுக்கிற பிஈபி மருந்தை சில மணித்தியாலத்துக்குள்ள தொடங்கிறது நல்லம், 72 மணித்தியாலம் தாண்டினா பிரயோசனமில்லை. நோயாளியின்ர படம், எக்ஸ்ரேயின்ர படம் ஒண்டும் உங்கட போனில இருக்கக் கூடாது, பச் குரூப்பில போடுறது எண்ட கதையே வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் ஒரு நோயாளியையாவது முழுசா எடுத்து எழுதுங்கோ, ரெண்டாம் கிழமையில கன்சல்டன்ட்டிட்ட "ஒரு கேஸ் ப்ரெசென்ட் பண்ணட்டோ?" எண்டு நீங்களாக் கேளுங்கோ. கேக்காட்டி அவர் உங்கட பேரையே அறியமாட்டார், பிறகு எந்த லெட்டரை எழுதுறது. மதிப்பீட்டு ஃபோமைக் கடைசி நாளுக்கு வைக்காதேங்கோ, அண்டைக்கு அவர் லீவில நிப்பார். கடைசிக் கிழமை தொடங்கேக்கயே குடுத்து, கையெழுத்து, பதவி, திகதி எல்லாம் வாங்குங்கோ. இஞ்ச எல்லாத்துக்கும் சீல் கேப்பினம், வெளிநாட்டில சீல் அடிக்கிற பழக்கம் குறைவு, அதால யூனிட்டின்ர லெட்டர் ஹெட்டில ஒரு கடிதமும் கேட்டு எடுங்கோ.

வந்த கிழமையே ஃபோமை டீன் ஒபிசில குடுத்து, வாங்கினதுக்கு அடையாளமா உங்கட கொப்பியில கையெழுத்து எடுங்கோ. கன்சல்டன்ட்டுக்கு நன்றி சொல்லி நாலு வரி மெயில் போடுங்கோ, அங்க பாத்த ஒரு நோயாளியைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும், பேர் இல்லாமல். அந்த ஷீட் இருக்குத் தானே, எந்த இடம் பதில் போட்டது, எது போடேல்ல, எவ்வளவு காசு போச்சு எண்டதை நிரப்பி உங்களுக்குக் கீழ இருக்கிற பச்சுக்கு அனுப்பி விடுங்கோ.